வி. எஸ். கைதொண்டேயின் அரூப ஓவியங்கள்: தாக்கங்களும் சோதனைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய நவீன ஓவியம் பற்றிப் பேச்செடுத்தால் கைதொண்டேயின் பெயரைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்கள் அதிகம். மௌனி, தியானி, துறவி என்று அடைமொழிகள் குவிந்துவிட்டன. அவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அடைமொழிக் குவியலுக்கு அடியில், உருளையும் கத்தியும் கிழித்த காகிதமுமாக பல பத்தாண்டுகள் வேலை பார்த்த ஒரு தொழில்நுட்பக்காரர் காணாமல் போய்விடுகிறார். அவரைத் தேடுகிறவர்களுக்காகவே இந்தப் பதில்கள்.

இவர் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வாசுதேவ் சாந்து கைதொண்டே 1924-இல் நாக்பூரில் பிறந்தார். பெற்றோரின் பூர்வீகம் கோவா. வளர்ந்தது பம்பாயில், கிர்காவ் பகுதியில். சர் ஜே. ஜே. கலைப் பள்ளியில் படித்து 1948-இல் பட்டயம் பெற்றார். சூசா, ரஸா, ஹுசைன் முதலியோர் 1947-இல் தொடங்கிய முற்போக்குக் கலைஞர்கள் குழுவில் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தார். 1957-இல் டோக்கியோவில் நடந்த இளம் ஆசியக் கலைஞர்கள் கண்காட்சியில் முதல் பரிசு, 1971-இல் பத்மஸ்ரீ. 1972-இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்து, 2001-இல் இறக்கும்வரை அந்தப் பக்கமே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. விழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் போகிற பழக்கமும் இல்லை.

ஆரம்பம் முதலே அரூபமாகத்தான் வரைந்தாரா?

இல்லை. பள்ளியை விட்டு வந்த புதிதில் அவர் வரைந்தவற்றில் பெண்கள் இருக்கிறார்கள், பறவைகள் இருக்கின்றன, வீடுகள் இருக்கின்றன. தட்டையான வண்ணங்கள், அழுத்தமான புறக்கோடு. சமண ஏட்டோவியங்களும் இமயமலைப் பகுதியின் பஹாரி, பசோலி சிற்றோவியங்களும் அந்தப் படங்களில் தெளிவாகவே தெரியும்.

உருவத்திலிருந்து அரூபத்துக்கு அவர் வந்த வழியும் இந்தச் சிற்றோவியங்கள்தாம். பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, முதலில் அவற்றின் உருவங்கள் ஈர்த்தன என்றும், பிறகு உருவங்களை நீக்கிவிட்டு வண்ணங்களின் விகிதத்தை மட்டும் பார்க்கத் தொடங்கியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு பசோலி ஓவியத்தின் நல்ல அச்சுப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணனையும் ராதையையும் விரலால் மறையுங்கள். என்ன மிஞ்சுகிறது? பெரிய மஞ்சள் பரப்பு, அதைச் சுற்றிச் சிவப்புக் கரை, உச்சியில் ஒடுங்கிய பட்டையாக வானம். அந்தப் பட்டை விரல் அகலம்கூட இருக்காது; ஆனால் முழு மஞ்சளையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். எத்தனை மஞ்சளுக்கு எவ்வளவு நீலம் என்கிற இந்தக் கணக்கு, 1970-களில் அவர் தீட்டிய பெரிய கேன்வாஸ்களிலும் அப்படியே தொடர்கிறது. மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான அரூபம் என்று இவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

பால் க்ளேயின் தாக்கம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே. எந்த அளவுக்கு உண்மை?

1950-களின் படங்களைப் பொறுத்தவரை முழு உண்மை. சுவிட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய ஓவியர் க்ளே, கோட்டினை அதன் போக்கில் நடக்கவிட்டு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தவர். பம்பாய் இளைஞர் ஒருவருக்கு அவர் எப்படிக் கிடைத்தார் என்பது சுவாரசியமான கதை. ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி பம்பாய்க்கு வந்தவர்களில் மூவர் அந்நகரின் இளம் ஓவியர்களுக்குப் பெரிய துணையாக இருந்தார்கள்: பத்திரிகையில் கலை இயக்குநராக இருந்த வால்டர் லாங்ஹாமர், விமர்சகர் ரூடி வான் லெய்டன், சேகரிப்பாளர் இம்மானுவேல் ஷ்லெசிங்கர். அவர்கள் வீட்டுக் கூடங்களில் ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப்படங்களும் புத்தகங்களும் கைமாறின. அசல் ஓவியத்தைப் பார்க்க வழியில்லாத தலைமுறைக்கு அந்தத் தாள்களே அருங்காட்சியகம்.

க்ளேயிடம் கைதொண்டே எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, எதையும் நகலெடுக்கக் கடமைப்படாத கோடு. மற்றொன்று, சிறிய அளவு. 1950-களின் நடுவில் அவர் வரைந்தவற்றில் மெல்லிய கோடுகளால் பின்னிய வடிவங்கள் வண்ணப் பரப்பில் மிதக்கின்றன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோடு கரைந்துபோனது. க்ளேயிடமிருந்து அவர் விலகியதும் அதோடுதான். கோடு போன இடத்தில் பரப்பு வந்தது.

பூலாபாய் தேசாய் இன்ஸ்டிடியூட் என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பம்பாய் வார்டன் சாலையில், கடலோரமாக இருந்த பழைய பங்களா. பல துறைக் கலைஞர்களுக்கும் மிகக் குறைந்த வாடகையில் இடம் கொடுத்தார்கள். ரவிசங்கர் தம் இசைப்பள்ளியை அங்கே நடத்தினார். இப்ராஹிம் அல்காஸி நாடகம் போட்டார். ஹுசைன் போன்ற ஓவியர்களுக்கும் அங்கே ஸ்டுடியோ இருந்தது. கைதொண்டேக்கும் ஒரு அறை கிடைத்தது.

குடும்பத்தோடு நெருக்கடியான குடியிருப்பில் வாழ்ந்த ஒருவருக்குத் தனி அறை கிடைத்தால் என்ன ஆகும்? பெரிய கேன்வாஸ் வைக்கலாம். ஈரம் காயும்வரை அதை யாரும் நகர்த்தாமல் விட்டுவைக்கலாம். அவருடைய முறை முழுக்கக் காயவிடுதலை நம்பியது என்பதால், இந்த வசதியைச் சாதாரணமாக எடைபோட முடியாது. ஆன்மிகத் தாக்கங்களைப் பட்டியலிடுகிறவர்கள் வாடகையையும் பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஜென் பௌத்தம், ரமணர் ஆகியோரின் தாக்கம் ஓவியத்தில் எங்கே தெரிகிறது?

1950-களின் இறுதியில் அவர் ஜென் பற்றிப் படிக்கத் தொடங்கினார். இயற்கையைப் புரிந்துகொள்ள ஜென் உதவியது என்றும் தம் ஓவியங்கள் இயற்கையின் பிரதிபலிப்பே என்றும் அவர் கூறியிருக்கிறார். ரமண மகரிஷி, ஜே. கிருஷ்ணமூர்த்தி, நிசர்கதத்த மகராஜ் ஆகியோரிடமும் ஈடுபாடு இருந்தது. நிசர்கதத்தர் கிர்காவுக்குப் பக்கத்தில் கேத்வாடியில் பீடிக்கடை வைத்திருந்தவர், அங்கேயே வீட்டு மாடியில் வருகிறவர்களோடு உரையாடியவர்.

இனி, ஓவியத்தில் எங்கே தெரிகிறது என்ற கேள்விக்கு வருவோம். தாமரை, ஓம், சக்கரம் என்று எந்தச் சின்னத்தையும் அவரிடம் தேட முடியாது. அதே காலத்தில் தாந்திரிகச் சின்னங்களான பிந்துவையும் (புள்ளி) யந்திரத்தையும் (சக்கர வரைபடம்) வெளிப்படையாக எடுத்தாண்ட ஓவியர்கள் இருந்தார்கள். இவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஜென் அவருக்குக் கொடுத்தது சின்னங்களை அல்ல, வேலை செய்யும் ஒழுங்கை என்றுதான் நான் வாசிக்கிறேன். வில்லாளி அம்பை விடுவதற்குமுன் நெடுநேரம் நிற்பதுபோல, இவரும் தூரிகையை எடுக்குமுன் வாரக்கணக்கில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். கை வைத்துவிட்டால், அதன்பின் நடப்பதில் பாதி தற்செயல். தற்செயலை அனுமதிக்க வேண்டும். அதே சமயம் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதில் கண் கூர்மையாக இருக்க வேண்டும்.

அவருடைய தொழில்நுட்பம்தான் என்ன? தூரிகையே பயன்படுத்தவில்லை என்கிறார்களே?

தூரிகையை முற்றிலும் விட்டுவிட்டார் என்பது மிகை. ஆனால் 1950-களின் இறுதி தொட்டு அவருடைய முக்கியக் கருவிகள் உருளையும் பேலட் கத்தியும் (வண்ணம் கலக்கும் தட்டைக் கத்தி) தான்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை யோசியுங்கள். தூரிகை ஓவியரின் மணிக்கட்டைக் காட்டிக்கொடுக்கும். அவசரம், தயக்கம், கோபம் எல்லாம் அதன் தடத்தில் பதிந்துவிடும். உருளை அப்படியல்ல. அது வண்ணத்தைச் சமமாகப் பரப்புகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் அடியிலுள்ள அடுக்கு புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. கத்தி அதற்கு எதிர்வேலை செய்கிறது: மேல் அடுக்கைச் சுரண்டி, புதைந்ததை மீண்டும் வெளிக்கொணர்கிறது. போடுவதும் எடுப்பதுமாக அடுக்குகள் ஏறுகின்றன. பார்ப்பவருக்கு ஒளி உள்ளிருந்து வருவதாகத் தோன்றுவது இதனால்தான். மேலடுக்கு மெல்லியதாகவும் ஒளி ஊடுருவக்கூடியதாகவும் இருந்தால், வெளிச்சம் அதைக் கடந்துபோய் அடியிலுள்ள வெளிர் நிறத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. மாயம் ஒன்றுமில்லை, ஒளியியல்.

மூன்றாவது கருவி காகிதம். செய்தித்தாள், பத்திரிகைத் தாள்களைத் துண்டுகளாக்கி, அவற்றைக் கொண்டு வண்ணத்தைப் பரப்பில் ஒற்றுவார், ஒற்றி எடுப்பார். தாளைக் கிழித்தால் அதன் ஓரம் நேராக வராது. நார் நாராகப் பிரிந்து நிற்கும். அந்த ஓரம் ஈர வண்ணத்தில் பட்டதும் எந்தக் கையும் வரைய முடியாத ஒரு விளிம்பு கிடைக்கிறது. அவருடைய படங்களின் நடுவே எழுத்துப்போலவும், அழிந்த கல்வெட்டுப்போலவும் தெரியும் வடிவங்கள் பல இப்படிப் பிறந்தவை. அவற்றை வாசிக்க முயன்று பலர் தோற்றிருக்கிறார்கள். வாசிக்க அங்கே எதுவும் எழுதப்படவில்லை.

காகிதம் படத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் தடம்தான் நிற்கிறது. எனவே இதை ஒட்டுச்சித்திரத்தோடு (கொலாஜ்) சேர்க்க முடியாது.

ஆண்டுக்கு ஐந்தாறு ஓவியங்கள்தான் செய்தாராமே, ஏன்?

எண்ணெய் வண்ணத்தின் ஓர் அடுக்கு காயச் சில நாட்கள், சமயத்தில் சில வாரங்கள் ஆகும். காயாத அடுக்கின்மேல் அடுத்ததை ஏற்றினால் கலங்கிவிடும். இத்தனை அடுக்கு ஏற்றுகிறவர் வேகமாக வேலை செய்யவே முடியாது. இது ஒரு காரணம். மற்றொன்று, அடுத்த அடி எது என்று தெரியாதபோது எதையும் செய்யாமல் இருக்கும் துணிச்சல். சந்தை கேட்கிறது என்பதற்காக அவர் வரைந்ததில்லை. வெறுமனே இருக்கும் நாட்களையும் வேலை நாட்களாகவே அவர் கணக்கிட்டார் என்பதை அவர் பேச்சிலிருந்து அறியலாம்.

ரோத்கோவைப் பார்த்துத்தான் இப்படி வரைந்தாரா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் தப்பாகச் சொல்லப்படும் பதில். ராக்ஃபெல்லர் நிதிநல்கையில் கைதொண்டே 1964-இல் நியூயார்க் போனார். அங்கே அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் ஸ்டுடியோவுக்கும் சென்றார். இருவர் படங்களிலும் பெரிய வண்ணப் பரப்பு உண்டு, மௌனம் உண்டு. ஆகவே குரு சிஷ்ய உறவாக்கிவிட்டார்கள்.

தேதிகளைப் பாருங்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ‘பெயிண்டிங், 4’ 1962-இல் தீட்டப்பட்டது, பயணத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு. உருளையும் கத்தியும் அடுக்கும் அதற்கும் முன்பே வந்துவிட்டன. 1963-இல் பம்பாய் வந்த அமெரிக்க ஓவியர் மோரிஸ் கிரேவ்ஸ் அவர் படங்களைப் பார்த்து வியந்து தம் நாட்டுக் காட்சிக்கூடத்தினருக்குப் பரிந்துரைத்ததும், ஏற்கெனவே முதிர்ந்த ஒரு பாணியைக் கண்டதால்தான்.

செய்முறையிலும் இருவரும் வேறு. ரோத்கோவின் நிறம் துணிக்குள் ஊறுகிறது, அதன் ஓரங்கள் புகைபோலக் கலைகின்றன. கைதொண்டேயின் நிறம் துணியின்மேல் ஏறி நிற்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். ரோத்கோ துயரத்தையும் பரவசத்தையும் பற்றிப் பேசியவர். இவர் அப்படி உணர்ச்சிகளைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. நியூயார்க் அவருக்கு அளித்தது தைரியம் என்று சொல்லலாம். தாம் போகிற திசையில் தொலைவில் வேறு சிலரும் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது கண்ணால் பார்த்து உறுதியானது.

1960-களின் பிற்பகுதியிலிருந்து கேன்வாஸைச் செங்குத்தாக வைத்தது ஏன்?

அவர் இதற்குக் காரணம் சொல்லி நான் படித்ததில்லை, படங்களிலிருந்து ஊகிக்கிறேன். கிடைமட்டக் கேன்வாஸில் ஒரு பட்டையைக் குறுக்கே இழுத்தாலே கண் அதைத் தொடுவானமாக்கிவிடும். மேலே வானம், கீழே கடல் என்று முடிவு கட்டிவிடும். 1960-களின் தொடக்கத்துப் படங்களில் இந்த ஆபத்து நிறையவே இருக்கிறது. பலர் அவற்றில் பம்பாய்க் கடலைப் பார்த்தார்கள். நிற்கும் கேன்வாஸில் அந்தப் பழக்கம் உடைகிறது. வடிவங்கள் மேலிருந்து கீழாக, படிப்படியாகத் தொங்குகின்றன அல்லது எழுகின்றன. கண் இடவலமாக ஓடாமல் ஏறி இறங்குகிறது. ஏறக்குறைய ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தப் பரப்பின் எதிரே நாமும் நிற்கிறோம் என்பதால், அது காட்சி என்ற நிலையிலிருந்து எதிர்நிற்கும் ஒன்றாக மாறிவிடுகிறது.

படங்களுக்குத் தலைப்பே இல்லையே? எப்படி அடையாளம் காண்பது?

ஆண்டை வைத்துத்தான். பெரும்பாலானவை ‘தலைப்பிடாதது’, அடுத்து ஓர் ஆண்டு. கையொப்பத்தைப் படத்தின் முகத்தில் போடாமல் பின்புறத்தில் போடுவது அவர் வழக்கம். தம் ஓவியங்களை அரூபம் என்று சொல்வதையும் அவர் ஏற்கவில்லை. பொருளைச் சாராத ஓவியம் என்றே சொன்னார். ஒன்றைப் பார்த்து அதைச் சுருக்கினால்தான் அது அரூபம். தாம் எதையும் சுருக்கவில்லை என்பது அவர் வாதம். வசதி கருதி இங்கே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

1984 விபத்துக்குப் பிறகு வரைவதை நிறுத்திவிட்டாரா?

பெரிய கேன்வாஸ்களைச் சில ஆண்டுகள் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அவருக்கு நேர்ந்த விபத்தின் காயம் நிரந்தரமான உடல் பாதிப்பை விட்டுச் சென்றது. உருளையை அழுத்தி இழுக்க உடல் ஒத்துழைக்கவில்லை. அந்த இடைவெளியில் தாளில், மையால், சிறிய அளவில் வரைந்தார். எழுத்தின் சுழிப்பும் வெட்டும் நினைவுக்கு வரும் கறுப்புக் குறிகள், சுற்றிலும் வெள்ளை. பலர் இவற்றை இடைக்கால வேலை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. முப்பது ஆண்டுகளுக்குமுன் க்ளேயோடு விட்டுவிட்டு வந்த கோடு இங்கே திரும்பி வருகிறது, வேறு ஆளாக. பிறகு கேன்வாஸுக்கும் திரும்பி, 1990-களிலும் வரைந்தார்.

இதைக் குழந்தைகூட வரையுமே?

வரையட்டும். அடுக்கு கலங்காமல் பத்து முறை ஏற்றிக் காட்டினால் பேசலாம்.

இந்த முறையை நானே சோதித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. பாவனைக்காக இல்லாமல், புரிந்துகொள்வதற்காகச் செய்யுங்கள். அடிப்பூச்சு பூசித் தயாரித்த சிறு பலகை ஒன்று, ரப்பர் உருளை, கத்தி, எண்ணெய் வண்ணம் இரண்டு மூன்று போதும். முதலில் வெளிர் நிறத்தை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். அடுத்தடுத்த அடுக்கில் ஆளி விதை எண்ணெயின் அளவு கூட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், அடியிலுள்ள அடுக்கு பிறகு காய்ந்து சுருங்கும்போது மேலடுக்கு வெடிக்கும். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காய்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அம்பர் போன்ற மண் நிறங்கள் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் தாமதிக்கும். கிழித்த தாளை ஈரப் பரப்பில் வைத்து உருளையை ஒருமுறை மட்டும் ஓட்டி, ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது என்ற கேள்வி அப்போதுதான் வரும். அங்கேதான் கஷ்டம்.

அவருக்குப் பின்வந்தவர்களில் யாரிடம் தாக்கம் அதிகம்?

ஓவியர் நஸ்ரீன் முகமதியிடம். பூலாபாயில் அவருக்கும் இடம் இருந்தது. கைதொண்டேயை அருகிலிருந்து பார்த்தவர். ஆனால் அவர் நிறத்தைக் கைவிட்டு, மைக்கோடும் பென்சிலுமாகத் தம் பாதையில் போனார். பாணியைப் பின்பற்றியவர்கள் வேறு பலர் உண்டு, அவர்களை இங்கே சொல்லத் தேவையில்லை.

ஏலத்தில் கோடிக்கணக்கில் போவது ஏன்?

படங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். 2013 டிசம்பரில் மும்பையில் நடந்த ஏலத்தில் 1979-ஆம் ஆண்டுப் படம் ஒன்று 23.7 கோடி ரூபாய்க்கு விற்றது. அதற்குப் பின் அதையும் தாண்டிய விலைகள் வந்துவிட்டன. 2014-இல் நியூயார்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக்கண்காட்சி வைத்ததும் விலையை உயர்த்தியது. இந்தப் பணத்தில் எதுவும் அவர் கைக்கு வரவில்லை.

இந்தியாவில் எங்கே நேரில் பார்க்கலாம்?

டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் கிரண் நாடார் அருங்காட்சியகத்திலும் உள்ளன. மும்பையில் ஜஹாங்கீர் நிக்கல்சன் சேகரிப்பிலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருக்கின்றன. சேகரிப்பில் இருப்பதெல்லாம் எப்போதும் சுவரில் இருக்காது, போவதற்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். திரையிலோ அச்சிலோ பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம், அடுக்குகளைப் புகைப்படம் ஒரே நிறமாக்கிவிடும். நேரில் பார்க்கும்போது முதலில் எட்டு அடி தள்ளி நில்லுங்கள். பிறகு பக்கவாட்டில் வந்து, சட்டத்தை ஒட்டி நின்று, பரப்பைச் சாய்வாகப் பாருங்கள். உருளை எங்கே நின்றது, தாள் எங்கே உரிந்தது என்று தெரியும்.